மாத்ரிமந்திர் உள்ள போய் உக்காந்துட்டு வந்தோம்: நாலு போனும் ஆஃப்ல இருந்த ஒரு காலை

முதல்லயே சொல்லிடறேன், இது ஆன்மிகப் பதிவு இல்ல. தியானம் பண்ணா என்ன வரும், எந்த சக்கரம் திறக்கும்னு எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கடலூர்ல இருந்து குடும்பத்தோட கிளம்பி பாண்டி பக்கம் ஆரோவில்ல இருக்க மாத்ரிமந்திர்ங்கற தியான மண்டபத்துக்குள்ள போய் உக்காந்துட்டு வர்றது எப்படி இருக்கும், யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது, அவ்ளோதான் எழுதப் போறேன், ஓட்டல் ரிவ்யூ எழுதற மாதிரியே.

ஏன் போனோம்னா வீட்ல இருக்கறது நாலு பேர், நாலு போன். பையன் பிளஸ் டூ, காதுல எப்பவும் ஹெட்போன், கூப்டா மூணாவது தடவதான் திரும்புவான். வீட்டுக்காரர் ஆபீஸ் குரூப்ன்னு சொல்லிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பாப்பாரு. நான் மட்டும் என்ன, புடவை லைவ் ஓடினா குக்கர் விசில் எண்ண மறந்துடுவேன். ஆனா எங்க எல்லாரையும் தூக்கி சாப்பிடறது எங்க அத்தை, அறுபத்தெட்டு வயசு, காலைல எழுந்ததும் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் ஊர்ல இருக்க அத்தன சொந்தத்துக்கும் அனுப்பிட்டுதான் பல்லே வெளக்குவாங்க, அப்பறம் ராசிபலன், அப்பறம் நேத்து வுட்ட சீரியல் யூட்யூப்ல, எல்லாம் ஸ்பீக்கர்ல ஃபுல் சவுண்டு. வயசானவங்க போன் பாக்கறது இல்ல, இந்தக் காலத்துப் பசங்கதான் கெட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னா எங்க வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க.

ராத்திரி எட்டுல இருந்து ஒம்பது வரைக்கும் எல்லார் போனும் ஃப்ரிட்ஜ் மேல கூடையிலன்னு ஒரு ரூல் போட்டோம். கொஞ்ச நாள் ஓடுச்சு. ஒருத்தர் "ஒரு கால் வரும், அத மட்டும் எடுத்துட்டு வெச்சிடறேன்"னு எடுத்தா அடுத்த நிமிஷம் கூட இருக்க மூணு பேர் கையும் கூடைக்குப் போயிடும். இதுல நான் கவனிச்சது என்னன்னா என் போன நான் ஆஃப் பண்ணிட்டா மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்ல, எதிர்ல உக்காந்திருக்கவங்க குனிஞ்சு ஸ்க்ரீன் பாத்துக்கிட்டு இருந்தா நான் யார்கிட்ட பேசறது, சுவத்துக்கிட்டயா? இருக்கற எல்லார் போனும் ஒரே நேரத்துல போகணும், யாருக்கும் சலுக கிடையாதுன்னு வெளியாளு ஒருத்தர் சொல்லணும். நான் சொன்னா "ஆரம்பிச்சிட்டா"ம்பாங்க, வாசல்ல நிக்கற வாலண்டியர் சொன்னா எல்லாரும் வாயத் திறக்காம குடுப்பாங்க. அதுக்குத்தான் மாத்ரிமந்திர்.

புக்கிங் பத்தி முதல்ல. சும்மா போய் நின்னா உள்ள விடமாட்டாங்க. விசிட்டர்ஸ் சென்டர்ல பாஸ் வாங்கி தூரத்துல இருக்க வியூயிங் பாயிண்ட்ல நின்னு அந்த தங்க உருண்டைய பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடலாம், முக்காவாசிப் பேர் பண்றது அதுதான். உள்ள உக்காரணும்னா அவங்க வெப்சைட்ல முன்கூட்டியே புக் பண்ணணும், காசு கிடையாது, ஆனா லீவு நாளுக்கெல்லாம் சட்டுனு தீந்துடும். செவ்வாய்க்கிழமை கிடையாது. பத்து வயசுக்குக் கீழ குழந்தைங்கள விடறது இல்ல, கைக்குழந்தை வெச்சிருக்கவங்க அத மனசுல வெச்சுக்கங்க. ரூல் அப்பப்ப மாத்தறாங்க, அதனால போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கறது நல்லது.

எங்களுக்கு காலை ஸ்லாட்டு. மஞ்சக்குப்பத்துல இருந்து இருட்டோட கிளம்பி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு பாண்டி தாண்டி ஈசிஆர்ல ஏறினா பெரிய முதலியார்சாவடிகிட்ட இடது பக்கம் ஆரோவில் ரோடு. சீக்கிரம் கிளம்பிட்டா நல்லது, அரியாங்குப்பம் முருங்கப்பாக்கம் பக்கம் ஆபீஸ் நேரத்துல மாட்டினா ஸ்லாட்டு போச்சு. வழி பூரா கார்ல நாலு பேரும் போன்தான், மேப் சவுண்டும் சேத்தா அஞ்சு சவுண்டு.

உள்ள போறவங்களுக்கு முதல்ல என்ன ஏதுன்னு சொல்றாங்க, அப்பறம் பஸ்ல கூட்டிட்டுப் போறாங்க, பை, போன், கேமரா எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கறாங்க. பையன் அங்கயே ஆரம்பிச்சான், "சைலன்ட்ல போட்டு பாக்கெட்ல வெச்சுக்கறேனே, என்ன ஆயிடப் போகுது"ன்னு. கேக்க நியாயமாத்தான் தோணுச்சு. ஆனா 2017ல அமெரிக்காவுல டெக்சாஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கிட்டத்தட்ட 800 பேர வெச்சு, போன மேசை மேல வெச்சுக்கிட்டு டெஸ்ட் எழுதினவங்கள விட வேற ரூம்ல வுட்டுட்டு வந்தவங்க நல்லா பண்ணியிருந்தாங்க, போன் ஆஃப்ல இருந்தாலுமேன்னு வந்துச்சு. அப்பறம் அதையே திருப்பி செஞ்சு பாத்தவங்க சிலருக்கு அந்த ரிசல்ட் வரலன்னும் சொல்றாங்க, அதனால கல்வெட்டு மாதிரி நம்ப வேணாம். ஆனா எனக்கு என் அனுபவம் போதும், பாக்கெட்ல போன் இருந்தா தொடை அதிராதப்பவே அதிர்ற மாதிரி இருக்கும். குடுத்துட்ட அப்பறம் அது இல்ல. அத்தைதான் குடுக்கறப்ப ரொம்ப தயங்கினாங்க, "ஏம்மா, மாத்திக் குடுத்துட மாட்டாங்களே, என் போன் கவர்ல புள்ளையார் படம் இருக்கு, அத சொல்லு"ன்னு என்கிட்ட ரெண்டு தடவ சொன்னாங்க.

இடத்தப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். ஆரோவில் ஆரம்பிச்சது 1968 பிப்ரவரி 28. அன்னிக்கு 124 நாட்டுல இருந்து மண்ணு கொண்டுவந்து தாமரை மொட்டு மாதிரி ஒரு கலசத்துல போட்டாங்க, அது இன்னும் அங்க இருக்கு. மாத்ரிமந்திருக்கு அடிக்கல் நாட்டினது 1971 பிப்ரவரி 21, வேலை முழுசா முடிஞ்சது 2008ல. எங்க வீட்டுக்காரர் இதக் கேட்டுட்டு "நம்ம தெரு பாதாள சாக்கடை பரவால்ல போல"ன்னாரு. முப்பத்தேழு வருஷம், அங்க இருக்கவங்களும் சேந்து கட்டினது. சுத்தி பன்னெண்டு இதழ் மாதிரி செம்மண் கலர் கல்லு பதிச்சிருக்கு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சின்ன ரூம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, நேர்மை, பணிவு, நன்றி, விடாமுயற்சி அப்டின்னு போகும்.

உள்ள போறப்ப செருப்பு வெளிய, வெள்ளை சாக்ஸ் அவங்களே குடுக்கறாங்க. அப்பறம் சுத்திச் சுத்தி ஏர்ற சாய்வுப் பாதை, அதனால முட்டி வலி இருக்க எங்க அத்தை மெதுவா ஏறிட்டாங்க. மேல அந்த அறை. வெள்ளை மார்பிள் சுவரு, வெள்ளை கம்பளம், பன்னெண்டு வெள்ளைத் தூண், அந்தத் தூணு எதுவும் கூரையத் தாங்கல, பாதியிலயே நிக்குது, எங்க வீட்டுக்காரர் சிவில் படிச்சவரு, அவருக்கு அதுலயே அரை மனசு போயிடுச்சு. நடுவுல 70 சென்டிமீட்டர் கண்ணாடி உருண்டை, ஜெர்மனி ஜெய்ஸ் கம்பெனி செஞ்சது. மேல கூரையில ஒரு கண்ணாடி சூரியன் போற பக்கம் திரும்பிக்கிட்டே இருக்கும், அது வெயில ஒரே கோடா கீழ அந்த உருண்டை மேல இறக்கும். மேகம் மூடினா லைட்டு போட்டு சமாளிக்கறாங்க. அந்தக் கண்ணாடியத் திருப்பறது கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்னு பையன் எங்கயோ படிச்சுட்டு வந்து "பாத்தியாம்மா, உங்கள போன் இல்லாம உக்கார வெக்கறதுக்கே ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருக்கு"ன்னான். அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, விட்டுட்டேன்.

சாமி படம் இல்ல, பூ இல்ல, ஊதுவத்தி இல்ல, பாட்டு இல்ல, யாரும் வந்து கண்ண மூடு மூச்ச இழுன்னு சொல்லமாட்டாங்க. கோயில்னு நெனச்சுட்டுப் போனா அத்தை மாதிரி "கும்புடறதுக்கு எங்க?"ன்னு தேடுவீங்க. தரையில உக்கார முடியாதவங்களுக்கு நாற்காலி இருக்கு, முன்னாடியே சொல்லிடுங்க. இருமல் வந்தா வெளிய போகச் சொல்லுவாங்க, சளி புடிச்சிருந்தா வேற நாள் மாத்திக்கங்க, ஏன்னா அந்த அமைதியில ஒரு சின்ன செருமல் கூட மைக்குல கேட்ட மாதிரி இருக்கு.

சரி, உள்ள எப்படி இருந்துச்சு? நேர்மையா சொல்றேன், முதல் பாதி எனக்கு ஒண்ணுமே நடக்கல. கேஸ ஆஃப் பண்ணேனா, பால்காரருக்கு சொன்னேனா, பையனுக்கு ப்ராக்டிகல் என்னிக்கு, இதான் ஓடுச்சு. கண்ணத் திறந்து பக்கத்துல பாத்தேன். பையன் அந்த உருண்டையையே பாத்துட்டு இருக்கான். அவன் முகத்த அவ்ளோ நேரம், அவன் என்னம்மான்னு திரும்பாம, நான் பாத்து எவ்ளோ நாளாச்சுன்னு தோணுச்சு, மீசை இவ்ளோ வளந்துடுச்சா, தாடைக்குக் கீழ ஒரு பரு, நெத்தி அப்படியே எங்க அப்பா நெத்தி. தியானம் வரலன்னா போகுது, நான் அவனப் பாத்துட்டு இருந்தேன். அங்க இருந்த மத்தவங்க யார் பேரும் தெரியாது, ஆனா ஒருத்தர் கையிலயும் ஒண்ணும் இல்ல, யாரும் எதையும் எடுக்கப் போறது இல்லன்னு உறுதியா தெரிஞ்சதால உடம்பே வேற மாதிரி உக்காந்துச்சு. வீட்ல கூடை வெச்சப்ப கெடைக்காதது இதுதான்.

வெளிய வந்து கீழ அந்த உருண்டைக் கட்டடத்துக்கு நேர் அடியில ஒரு சின்ன குளம், மார்பிள்ல தாமரை இதழ் மாதிரி, தண்ணி சத்தமில்லாம வழிஞ்சு இறங்கும். மேல இருந்து வர்ற அதே வெளிச்சம் இங்க இன்னொரு சின்ன உருண்டை மேல விழும். மேல இருந்த அறைய விட எனக்கு இது புடிச்சிருந்துச்சு.

ஆனா அன்னிக்கு உண்மையான விஷயம் நடந்தது உள்ள இல்ல, வெளிய. போன் திரும்ப கைக்கு வந்துடுச்சு, ஆனா பஸ்ஸுக்கு நிக்கறப்ப யாரும் ஆன் பண்ணல, ஏன்னு கேட்டா தெரியல, யார் முதல்ல பண்றதுன்னு ஒரு கூச்சம் மாதிரி. மாத்ரிமந்திர் பக்கத்துல ஒரு பெரிய ஆலமரம் இருக்கு, ஆரோவிலோட நடுப்புள்ளியே அதுதான், விழுது விட்டு விட்டு ஒரு தோப்பு மாதிரி நிக்கும். அத்தை அதப் பத்தி கேட்டாங்க, "தானே புயல்ல இது எப்படிடா நின்னுச்சு?"ன்னு. அவ்ளோதான், பையன் "தானேன்னா என்ன ஆயா"ன்னுட்டான்.

கடலூர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, 2011 டிசம்பர் 30 விடியக்காலை. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு. பண்ருட்டி பலா, முந்திரி அப்படியே படுத்துடுச்சு, ஆரோவில்லயும் நாப்பது வருஷமா நட்டு வளத்த காட்டுல ஏகப்பட்ட மரம் போச்சு. பையன் அப்ப கையில புடிச்சு நடக்கற வயசு. அத்தை சொல்ல ஆரம்பிச்சாங்க, கரெண்ட் இல்லாம நாள் கணக்கா இருந்தது, போன் செத்துப்போச்சு, தண்ணிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து தெருவே காசு போட்டு மோட்டார் ஓட்டினது, ராத்திரி கொசுவுக்கு பயந்து எல்லாரும் தெருவுல பாய் போட்டு உக்காந்து பேசினது, இவன் எதிர் வீட்டு அக்கா மடியிலதான் தூங்குவேன்னு அடம் புடிச்சது. அந்த அக்கா கல்யாணமாகி நெய்வேலி போயிட்டா. இவனுக்கு அவ யாருன்னே தெரியாது. "உன்ன தூக்கி தூக்கி அவளுக்கு இடுப்பு வலியே வந்துடுச்சு"ன்னு அத்தை சொல்ல, வீட்டுக்காரர் குறுக்க வந்து அவரு அன்னிக்கு விழுந்த தென்னமரத்தத் தாண்டி பால் பாக்கெட் வாங்க நடந்த கதைய சொல்ல, பஸ்ஸு வந்ததும் ஏறினதும் கூட தெரியல. இவ்ளோ வருஷம் ஒரே வீட்ல இருக்கோம், இதுல பாதி எனக்கே புதுசு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு பாண்டி வந்தோம். வொயிட் டவுன்ல ஒரு கஃபே, பேரு வேணாம், வாசல்ல "போன உள்ள வெச்சிட்டு மனுஷங்களோட பேசுங்க"ங்கற அர்த்தத்துல அழகா ஒரு போர்டு. உக்காந்ததும் மெனு கேட்டா டேபிள்ல ஒட்டியிருக்க க்யூஆர் கோட காட்டறாங்க, ஸ்கேன் பண்ணாதான் மெனு வரும், ஆர்டரும் அதுலதானாம். பக்கத்துல ஊஞ்சல் ஒண்ணு போட்டோ எடுக்கறதுக்குன்னே தொங்குது, அதுக்கு வரிசை. அத்தைக்கு எழுத்து ரொம்ப சின்னதா தெரிஞ்சு, பையன் படிச்சுக் காட்டி, ஒரு வழியா வந்த பாஸ்தாவ அவங்க தொடவே இல்ல. எழுந்து வந்துட்டு மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மெஸ்ல எல சாப்பாடு சாப்பிட்டோம். அங்க போர்டும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா சாம்பார் பெசஞ்ச கையோட யாரு போன எடுப்பா? அத்தை அப்பதான் சொன்னாங்க, "இதுக்கு வடலூர் பந்தியே போதுமேம்மா, அவ்ளோ தூரம் போய் சாக்ஸ் மாட்டினு உக்காரணுமா"ன்னு. வள்ளலார் 1867ல ஏத்தின அடுப்பு இன்னும் அணையல, தருமசாலையில யார் போனாலும் சாப்பாடு, யார்னே தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு எழுந்து வரலாம். அவங்க சொன்னதுல பாயிண்ட் இருக்கு. ஆனா இப்ப பந்தியிலயும் இடது கையால ரீல்ஸ் தள்ற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், அதனால முழுசா ஒத்துக்க முடியல.

சாயந்தரம் அரவிந்தர் ஆசிரமம். மாத்ரிமந்திர் புக்கிங் கெடைக்கலன்னா, இல்ல வீட்ல நடக்க முடியாதவங்க இருந்தா நான் இததான் சொல்லுவேன். மரைன் ஸ்ட்ரீட்ல, மணக்குள விநாயகர் கோயில்ல இருந்து நடக்கற தூரம்தான். புக்கிங் வேணாம், காசு வேணாம், செருப்ப எதிர்ல வுட்டுட்டு, போன ஆஃப் பண்ணிட்டு உள்ள போனா ஒரு முற்றம் மாதிரி இடம், நடுவுல அரவிந்தரும், ஆசிரமத்த நடத்தின அன்னையும் இருக்க சமாதி, மேல முழுக்க பூ அடுக்கியிருப்பாங்க, மேல குடை மாதிரி ஒரு மரம், 1930ல நட்டதாம், மஞ்சப் பூ கொட்டற ஜாதி. அரவிந்தர் பாண்டிக்கு வந்தது 1910 ஏப்ரல்ல, ஆசிரமம் 1926ல. சுத்தி யார் வேணா உக்காரலாம், எவ்ளோ நேரம் வேணா. அத்தைக்கு இங்க பூவும் இருந்துச்சு, கும்புட இடமும் இருந்துச்சு, தலைய சமாதி மேல சாய்ச்சு ரொம்ப நேரம் நின்னாங்க. என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு நான் கேக்கல. ஒரு குறைன்னா இங்க போன் உங்க கையிலயே இருக்கும், ஆஃப் பண்றது உங்க பொறுப்பு, அதனால மாத்ரிமந்திர்ல வந்த அந்த உறுதி முழுசா வராது, யாராவது பையில ஒண்ணு முனகும், தன்னார்வலர் வந்து சைகை காட்டுவாரு.

அப்பறம் பீச் ரோடு. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க, காலை ஏழரை வரைக்கும். நல்ல ஏற்பாடு, ஹாரன் சத்தம் இல்லாம அலை சத்தம் கேக்கும்னு நெனச்சுதான் போனோம், அலைக்கு முன்னாடி காந்தி சிலை பக்கத்துல ஆயிரம் செல்ஃபி. வண்டிய நிறுத்தினாங்க, போன நிறுத்தல. விடியக்காலை வாக்கிங் நேரத்துல போனா வேற ஊர் மாதிரி இருக்கும், அப்ப போங்க.

மார்க் போடணும்னா மாத்ரிமந்திருக்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ணு ஏன் குறைச்சேன்னா புக் பண்ணி, விடியக்காலை எழுந்து, வண்டி புடிச்சு, இவ்ளோ திட்டம் போட்டுதான் போக முடியும், மாசா மாசம் ஆகாது. ஆட்டோவ நம்பிப் போறவங்களுக்கு திரும்பி வர்றப்பக்கும் சேத்து முன்னாடியே பேசிக்கங்க. பாண்டியிலயே இருக்கவங்க குடுத்து வெச்சவங்க. தண்ணி பாட்டில், தொப்பி எடுத்துட்டுப் போங்க, வெயில் நேரத்துல செம்மண் பாதையில நடக்கறது லேசு இல்ல. அரை டவுசர் போட்டு போறத விட்டுட்டு கொஞ்சம் ஒழுங்கான துணி போட்டுக்கங்க. உள்ள போய் ஒண்ணும் தோணலன்னா கவலப்படாதீங்க, எனக்கும் தோணல.

வந்த மறுநாள் காலைல அத்தை ரோஜாப்பூ குட்மார்னிங் வழக்கம் போல வந்துடுச்சு. ஆனா அன்னிக்கு சாயந்தரம் பையன் ஹெட்போன கழட்டிட்டு வந்து அந்த நெய்வேலி அக்கா நம்பர் இருக்கான்னு அத்தைய கேட்டான், ரெண்டு பேரும் சேந்து போன்லதான் தேடினாங்க, வீடியோ கால்ல ஒரு மணி நேரம் பேசினாங்க, நான் குறுக்க போகல.

கடலூர்ல இந்த மாதிரி வாசல்லயே போன வாங்கி வெச்சிட்டு சும்மா உக்கார விடற இடம் ஏதாவது இருந்தா கீழ சொல்லுங்க. சில்வர் பீச்ச சொல்லாதீங்க, அங்க ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டுதான் கேக்கறேன். வண்டி நிறுத்த இடமும், முட்டி வலிக்காரங்க உக்கார ஒரு நாற்காலியும் இருந்தா போதும்.